பதினோராம் தூண்

அத்தியாயம் 14

அப்பாவை ஒரு வாரமாக ஆஸ்பத்திரி வாசலிலேயே நிற்க வைத்துவிட்டேன். அதற்காக நான் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல. "எழுபத்திரண்டு வயசு மனுஷனுக்குக் கால் கடுக்காதா?" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நியாயமான கேள்வி. வாருங்கள், உள்ளே கூட்டிப்போவோம்.

இன்றைக்குத்தான் புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு நாலு வரி. அப்பா ஊரறிந்த மேஸ்திரி. இந்த நாலு மாடி ஆஸ்பத்திரியை முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் கட்டியவர் அவர்தான். நிலம் அதிர்ந்தாலும் இது விழாமல் இருக்க வேண்டும் என்று, இப்போது ஒவ்வொரு தூணையும் அடியில் அறுத்து நடுவே ரப்பர் மெத்தை வைக்கிறார்கள். ஒரு நோயாளியைக்கூட வெளியேற்றாமல் நடக்கிறது அந்த வேலை. அதை நடத்தும் இன்ஜினியர் அவருடைய மூத்த மகள். இளைய மகள் அதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில், பச்சைக் குழந்தைகள் வார்டில் நர்ஸ். வீட்டில் அவர்களைப் பெரியவள், சின்னவள் என்றுதான் கூப்பிடுவார்கள். நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

இனி அப்பாவின் தொண்டையில் சிக்கியிருக்கும் முள். அவர் கட்டிய கட்டடங்களில் மழைநீர்க் குழாய் வெளியே தெரியாது. சுவர் மொழுமொழுவென்று இருக்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்கள் உண்டு, மொட்டை மாடிக் குழாயைத் தூணுக்குள் மறைத்தவர் இவர்தான். கம்பி கட்டும்போதே நடுவில் நாலு அங்குல பிளாஸ்டிக் குழாயை நிறுத்திவிட்டு, அதைச் சுற்றிக் கான்கிரீட் ஊற்றிவிடுவார். ஊரே அதை அழகு என்றது. இந்த ஆஸ்பத்திரியில் அப்படி உள்ளே பொந்தோடு நிற்பது பதினோராம் தூண். இன்றைக்கு அறுக்கப்போவதும் அதைத்தான். இந்த விஷயம் உங்களுக்கும் எனக்கும் அப்பாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

பெரியவள் ஓடி வந்து அவர் தலையில் ஒரு மஞ்சள் ஹெல்மெட்டைக் கவிழ்த்தாள். அது மூக்குவரை இறங்கியது.

"என்னப்பா, வாசல்லயே நின்னுட்டீங்க? நீங்க கட்டின வீட்டுக்கு நானா வழி சொல்லணும்?"

"வழி தெரியும்மா. கால்தான் யோசிக்குது."

"அதுக்கு நடக்க நடக்க யோசனை நின்னுடும். வாங்க. காலையில பத்தாம் தூண், மத்தியானம் பதினொண்ணு. உங்களுக்குக் காட்டணும்னே பத்தை நிறுத்தி வெச்சிருக்கேன்."

கீழ்த்தளத்தில் வெளிச்சம் பகல்போல இருந்தது. ஒன்பது தூண்கள் வேலை முடிந்து, இடுப்பளவில் கறுப்பு ரப்பர் உருளையோடு நின்றன. பத்தாவதுக்கு மேலும் கீழும் கான்கிரீட்டில் கழுத்துப்பட்டைபோல ஒன்று வார்த்து, கம்பிகளால் முறுக்கி இறுக்கியிருந்தார்கள். இரண்டு பட்டைகளுக்கும் நடுவில் நாலு ஜாக்கிகள். பக்கத்தில் கடிகாரம்போல ஒரு வட்டம், அதில் ஒரே ஒரு முள்.

"இந்தப் பட்டை தூணை நசுக்கிப் பிடிக்குதுப்பா. அந்தப் பிடியிலதான் மொத்த பாரமும் ஜாக்கிக்கு மாறும். அதனாலதான் தூணுக்குள்ள கெட்டியா இருக்கணும். உள்ள பொக்கையா இருந்தா முறுக்கும்போதே நொறுங்கிடும்."

அப்பா தலையாட்டினார். ஹெல்மெட் தனியாக ஆடியது.

பம்ப் போடுபவரை எல்லோரும் பம்ப் அண்ணன் என்பார்கள். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். அவர் கைப்பிடியை மெல்ல இறக்கி ஏற்ற, முள் நடுங்கியது. பிறகு ஒரு கோடு நகர்ந்தது. இன்னும் ஒரு கோடு. பெரியவள் கையை உயர்த்தியதும் பம்ப் நின்றது.

"முடிஞ்சுதா?" என்றார் அப்பா.

"முடிஞ்சுதுப்பா. அரை மில்லிமீட்டர். இப்ப இந்த இடத்துல இருக்கிற நூத்தியெண்பது டன்னும் ஜாக்கி மேல நிக்குது. தூண் சும்மா ஒப்புக்கு நிக்குது."

அரை மில்லிமீட்டர் என்பது நகத்தின் கனம். அந்த நகக்கனத்துக்கு மேலே நாலு மாடி, ஆபரேஷன் தியேட்டர், தண்ணீர்த் தொட்டி, மூன்றாம் மாடியில் ஒன்பது குழந்தைகள்.

வைரப் பொடி பதித்த கம்பியைத் தூணைச் சுற்றி மாட்டி ஓட்டினார்கள். தண்ணீர் தெறித்தது. பழைய கான்கிரீட் பால்போலக் கரைந்து வழிந்தது. கீழே ஒரு வெட்டு, மேலே ஒரு வெட்டு. மணி பதினொன்றரை ஆனபோது, நடுவில் நின்ற துண்டைச் சங்கிலி போட்டு வண்டியில் இழுத்தார்கள். அது முனகிக்கொண்டே வெளியே வந்தது.

தூண் இருந்த இடத்தில் இரண்டு முழத்துக்கு வெறும் காற்று. அந்தப் பக்கத்துச் சுவர் தெரிந்தது. சுவரில் "புகை பிடிக்காதீர்" பலகை தெரிந்தது.

பெரியவள் அந்த இடைவெளிக்குள் கையை நீட்டி அந்தப் பக்கம் எடுத்தாள். "நீங்களும் விட்டுப் பாருங்கப்பா."

அப்பா விட்டார். எந்தத் தூணுக்குச் சட்டி சட்டியாகக் கலவை கொட்டினாரோ, அந்தத் தூணின் நடுவே அவருடைய கை காற்றில் நின்றது. மேலே ஏதோ ஒரு அறையில் யாரோ இருமினார்கள். ஒரு ஸ்ட்ரெச்சர் உருண்டு போகும் சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரி தன் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆயுள் முழுக்கக் கட்டடத்தைத் தரையில் ஊன்றிய மனிதர், அதைத் தரையிலிருந்து பிரித்துக் கையில் ஏந்தி நிற்கும் மகளைப் பார்த்தார்.

"நான் கட்டினதை நீ தூக்கி வெச்சிருக்கியேம்மா."

"தூக்கினது ஜாக்கி. நான் மேய்க்கிறேன், அவ்வளவுதான்." ஆனாலும் அவள் முகத்தில் பூரிப்பு. "இந்த மெத்தையைப் பாருங்க. ஒரு தகடு ரப்பர், ஒரு தகடு இரும்பு, மாத்தி மாத்தி அடுக்கி, நடுவுல ஈயம். நிலம் ஆடினா ஆடிட்டுப் போகட்டும். இது வளைஞ்சு குடுக்கும். மேல இருக்கிறவங்க தூக்கம்கூடக் கலையாது."

அப்பா ரப்பரை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். அது இரும்புபோலத்தான் இருந்தது. இதுவா வளையும் என்று நினைத்தார். வளையும் என்றால் அதைவிட அதிசயம் என்றும் நினைத்தார். அப்புறம், ஏதோ பேச்சுவாக்கில் கேட்பதுபோல, ஒரு வாரமாக மென்று முழுங்கியதைக் கேட்டார்.

"பதினொண்ணுலயும் துளை போட்டு உள்ள பார்த்திருப்பீங்கல்ல?"

இதுதான் அவருடைய நம்பிக்கை. எப்படியும் துளை போடுவார்கள், போட்டால் தெரிந்துவிடும், தன் வாயால் சொல்ல வேண்டியிருக்காது. இப்படி நினைத்துத்தான் ஏழு நாளைத் தள்ளியிருந்தார்.

"அதுல மட்டும் போடலைப்பா. மெஷின் வெச்சுப் பார்த்தோம், கம்பி எல்லாம் ஒழுங்கா காட்டுச்சு. துளை போடணும்னா ஒட்டிப் போற ஆக்சிஜன் குழாயை அப்பவே நகர்த்தணும், ரெண்டு நாள் ஆகும். மத்த பதினேழு தூணும் பாறை மாதிரி இருந்துச்சு. எங்க அப்பா கை ஒரு தூணுக்கு ஒரு மாதிரி கட்டாது, துளை வேண்டாம்னு நானே கையெழுத்துப் போட்டுட்டேன்."

அந்த மெஷின் இரும்பைக் காட்டும், பிளாஸ்டிக்கைக் காட்டாது. காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். இங்கே குஞ்சுக்குக் காக்கை பொன்னாகிவிட்டது. வேறு எவன் கட்டிய தூணாக இருந்தாலும் இந்தப் பெண் பத்து இடத்தில் துளை போட்டிருப்பாள்.

"நான் மேல போய்ச் சின்னவளைப் பார்த்துட்டு வரேன்" என்றார் அப்பா.

மூன்று மாடியையும் படியிலேயே ஏறினார். குழந்தைகள் வார்டில் கண்ணாடிப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. சுவரும் தூணும் சேரும் மூலையில், ஒரு மெல்லிய கண்ணாடிப் பட்டையைக் குறுக்கே ஒட்டி வைத்திருந்தார்கள். கட்டடம் கொஞ்சம் அசைந்தாலும் அது விரிசல் விடும். அதைப் பார்த்துச் சொல்வது சின்னவளுக்குக் கொடுத்த வேலை.

"காலையில பூரா ஒரு கீறல் இல்லப்பா" என்று கிசுகிசுத்தாள் சின்னவள். "கீழ தூணையே எடுத்துட்டாங்களாம். இங்க இவர் கொட்டாவி விடறார் பாருங்க. ஒண்ணேகால் கிலோ. விடிகாலையில வந்தவர்."

பெட்டிக்குள் கட்டைவிரல் பருமனில் ஒரு கை, ஐந்து விரல்களோடு, விரிந்து மூடியது. அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். குழாய், மொழுமொழு சுவர், ஊர் பாராட்டியது, பதினொன்று.

சின்னவள் கண்ணாடிப் பட்டையைப் பார்த்தாள். தூணைப் பார்த்தாள். ஒன்பது பெட்டிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"நீ சொல்லேன். நீ சொன்னா பக்குவமா சொல்லுவ."

"குழாய் வெச்ச கை உங்களுது. வாய் மட்டும் எதுக்கு இரவல்?"

"எல்லார் முன்னாடியும் அவ என்னைத் தலையில தூக்கி வெச்சிருக்காம்மா."

"இறக்கி வெச்சா வெக்கட்டும்பா. நீங்க இறங்கினா அடிபடாது. இதுங்க இறங்கினா?" அவள் குரலை உயர்த்தவில்லை, தூங்கும் குழந்தைகளுக்காக. "அஞ்சு நிமிஷம் தரேன். அதுக்குள்ள கீழேர்ந்து வேலை நின்னுடுச்சுன்னு தகவல் வரலைன்னா நானே போன் போட்டுடுவேன். கிளம்புங்க."

ஏறும்போது மூட்டு வலித்தது. இறங்கும்போது அவருக்கு வலி தெரியவில்லை.

கீழே இரண்டு நாளாக நடந்த ஆக்சிஜன் குழாய் நகர்த்தும் வேலையைச் சீக்கிரமே முடித்துவிட்டதால், சாப்பாட்டுக்கு முன்பே பதினொன்றை ஆரம்பித்துவிட்டார்கள். தலைமை இன்ஜினியர் வந்து கைகட்டி நின்றுகொண்டிருந்தார். பட்டை இறுக்கும் கம்பிகளில் முதல் சுற்று முறுக்கு முடிந்து, இரண்டாவதுக்கு மோட்டார் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது.

"நிறுத்தும்மா" என்றார் அப்பா. பம்ப் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை.

அவர் நேரே போய்ப் பம்ப் அண்ணனின் கைமேல் தன் கையை வைத்து அழுத்தினார். சத்தம் அடங்கியது. பதினைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"இந்தத் தூணுக்குள்ள குழாய் இருக்கு. நாலு அங்குலம். மொட்டை மாடியிலேர்ந்து கீழவரைக்கும். நான்தான் வெச்சேன். வரைபடத்துல இருக்காது. யாருக்கும் தெரியாது. இவளுக்கும் தெரியாது."

சொல்லி முடித்துவிட்டார். முப்பத்தொரு வருஷம் அழகு என்று பெயர் எடுத்தது ஒரு மூச்சில் போயிற்று.

பெரியவள் முகத்தில் ரத்தமே இல்லை. ஆனால் வாயிலிருந்து வந்தது இன்ஜினியரின் பேச்சு.

"நடு மத்தியிலயா, ஓரமாவா?"

"ரெண்டு விரல்கடை உள்பக்கமா தள்ளி."

"குழாயோட மூட்டு எந்த உயரத்துல?"

"என் நெஞ்சு உயரத்துல ஒண்ணு."

"முறுக்கைத் தளர்த்துங்க" என்றாள் அவள். "மெதுவா. அப்புறம் டிரில் கொண்டு வாங்க."

கம்பிகளைத் தளர்த்திய பிறகு, வேலை நின்றுவிட்டதென்று சின்னவளுக்குத் தகவல் அனுப்பிவிட்டு, அப்பா சாக்குக்கட்டியால் தூணில் ஒரு பெருக்கல் குறி போட்டார். பெரியவளே டிரில்லைப் பிடித்தாள். ஒரு சாண் ஆழம்வரை கல்லில் உறுமிக்கொண்டு போனது. திடீரென்று உறுமல் நின்று, டிரில் கைப்பிடிவரை உள்ளே போய்விட்டது. தடுமாறிய அவளைப் பம்ப் அண்ணன் பிடித்துக்கொண்டார்.

டிரில்லை உருவியதும் துளையிலிருந்து பழைய மழை வாசனை வந்தது. அவள் டார்ச் அடித்துப் பார்த்தாள். இருட்டுதான். என்ன தோன்றியதோ, காதை வைத்தாள்.

வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "இங்க வாங்க சார்" என்று தலைமை இன்ஜினியரைக் கூப்பிட்டாள். அவரும் காதை வைத்தார்.

தூணுக்குள் ஒரு குழந்தை அழுதது.

மூன்றாம் மாடி வார்டையொட்டிப் பழைய பால்கனி ஒன்று உண்டு. அதன் தண்ணீர் இந்தக் குழாய்க்குள் விழத் திறப்பு வைத்தவரும் அப்பாதான். அதன் வழியே இறங்கி வந்தது அந்த அழுகை. கம்பி முனையளவு சத்தம், ஆனால் தெளிவாக. ஒவ்வொருவராக வந்து காது வைத்தார்கள். பம்ப் அண்ணன் தொப்பியைக் கழற்றிவிட்டுக் காது வைத்தார். முப்பத்தொரு வருஷமாக உள்ளே பொந்தோடு, அத்தனை குழந்தைகளையும் தோளில் வைத்துக்கொண்டு இந்தத் தூண் நின்றிருக்கிறது. எப்படி நின்றது என்று எந்தக் கணக்கைப் போட்டும் அவர்களால் உடனே சொல்ல முடியவில்லை. இன்னும் இரண்டு சுற்று முறுக்கியிருந்தால் நின்றிருக்காது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்தது.

தலைமை இன்ஜினியர்தான் முதலில் பேசினார். "பால்கனித் திறப்பை அடைச்சிட்டு, கீழேர்ந்து சிமென்ட் பால் ஏத்தி, மொட்டை மாடியில வழியிற வரைக்கும் நிரப்பணும். ஒரு வாரம் இறுகட்டும். துளை போட்டுப் பார்த்துட்டுத்தான் மறுபடி தொடணும்." சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். "துளை வேண்டாம்னு கையெழுத்துப் போட்டது யாரு?"

"நான்தான் சார்."

"தெரியும். நீயே சொல்றியான்னு பார்த்தேன். இனிமே கையெழுத்து வேற ஒருத்தர் போடுவார். வேலையை நீதான் நடத்துற." பிறகு அப்பா பக்கம் திரும்பினார். அவர் கையைப் பிடித்து ஒரு தடவை அழுத்திவிட்டுப் போனார்.

இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து சின்னவள் இறங்கி வந்தபோது, வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் சிமென்ட் மூட்டைகள்மேல் அப்பாவும் அக்காவும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இரண்டு மூட்டை இடைவெளி. பெரியவள் அழுது முடித்திருந்தாள். கையெழுத்து போனதை அவளே சின்னவளிடம் சொன்னாள்.

"எனக்குக் கோபம் உங்க மேல இல்லப்பா. என் மேலதான்" என்றாள் பெரியவள். "இல்ல, பொய். உங்க மேலயும் இருக்கு. நிறைய இருக்கு."

"இருக்கட்டும்மா."

"காலையில வாசல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லணும்னுதான் வந்தேன். நீ ஹெல்மெட்டை மாட்டி விட்டியா, சொல்ல வந்தது உள்ளயே போயிடுச்சு."

சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. அக்காவைப் பார்த்து அடக்கிக்கொண்டாள். அந்த இரண்டு மூட்டை இடைவெளியில் அவள் உட்கார்ந்ததும், மூன்று பேருக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது.

பெரியவள் ஆஸ்பத்திரியை நிமிர்ந்து பார்த்தாள். குழாய் தெரியாத சுவர், நாலு மாடி உயரத்துக்கு, வெயிலில் அழகாகத்தான் இருந்தது. அந்தச் சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"இந்த மாதிரி இன்னும் எத்தனை கட்டடம்பா?"

அப்பா விரல்விட்டு எண்ணினார். பெரியவள் போனை எடுத்து ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டாள். ஒரு துணிக்கடை. ஒரு லாட்ஜ், அதை இடித்தாகிவிட்டது. டாக்டர் வீடு. ஆற்றங்கரைப் பக்கம் இரண்டு வீடுகள். ஒரு கல்யாண மண்டபம். வக்கீலின் மாடி வீடு. எட்டாவது விரல் பாதி மடங்கி நின்றது.

"சொல்லுங்கப்பா."

அவர் பெரியவளைப் பார்க்கவில்லை. சின்னவளைப் பார்த்தார்.

"மூணு மாடி. ரெண்டு தூணு. ஏழாம் கிளாஸ் இருக்கிற பக்கம்."

சின்னவளின் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிக்கூடம் விட இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

சின்னவள் எழுந்துவிட்டாள். பையைக் கிளறிச் சாவியைத் தேடினாள். பெரியவள் அந்தப் பையை வாங்கி, சாவியை எடுத்துக் கொடுத்தாள். "இன்னிக்கு நிலம் ஆடப்போறது இல்லடி. பதறாத. ஆனா ஹெட்மாஸ்டர்கிட்ட இன்னிக்கே சொல்லிடணும். நான் பேசறேன். இன்ஜினியர் சொன்னா எடுபடும்."

"உனக்குத்தான் கையெழுத்தே இல்லையே. நான் பேசறேன். நான் அங்க படிக்கிற புள்ளையோட அம்மா."

"நீ அழுதுடுவ."

"நீ மட்டும் என்ன, இவ்வளவு நேரம் பாட்டா பாடின?"

வண்டிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டு இரண்டு பேரும் திரும்பினார்கள். அப்பா ஏற்கெனவே முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்திருந்தார். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்.

"யாரும் பேச வேண்டாம்" என்றார். "வண்டியை எடுங்க. நான் சொல்றேன்."